பினாங்குக்குக் கப்பல் இல்லை

1810-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராட்ஃபோர்டு என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜான் ஹாசல்டைனுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் 22 வயதைத் தொட்டுக்கொண்டிருந்த அதோனிராம் ஜட்சன். பெண் கேட்டு எழுதிய கடிதம்தான். ஆனால் இப்படி ஒரு பெண் கேட்கும் கடிதத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. வருகிற வசந்தத்தில் உங்கள் மகளைப் பிரியச் சம்மதமா, இந்த உலகத்தில் இனி அவளைப் பார்க்கவே முடியாமல் போனாலும் சம்மதமா என்று தொடங்கி, கடலின் ஆபத்து, இந்தியாவின் வெயில், வறுமை, அவமானம், கடைசியில் ஒருவேளை கொடூரமான மரணம்வரை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக் கேட்கிறார். மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், எந்த ஊரில் வீடு என்றெல்லாம் ஒரு வரிகூட இல்லை.

அப்பா முடிவைப் பெண்ணிடமே விட்டுவிட்டார். தன் மகளாக இருந்தால் கட்டில் காலோடு கட்டிப்போட்டிருப்பேன் என்று ஊரில் ஒருவர் சொன்னதாக ஒரு கதையும் உண்டு. பெண்ணின் பெயர் ஆன் ஹாசல்டைன், வயது 20. வீட்டில் நான்சி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான்சி உடனே தலையாட்டிவிடவில்லை. வாரக்கணக்கில் யோசித்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் மிஷனரியாகக் கடல் தாண்டியதற்கு முன்னுதாரணமே இல்லை. கடைசியில் தோழிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு மனிதன் மேல் வந்த ஆசையால் தான் இந்த முடிவை எடுக்கவில்லை, தனக்கும் கடவுளுக்கும் இருக்கும் கடமையால் எடுத்ததாகச் சொல்கிறார். ரொம்பக் காதலில்லாத பேச்சாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணவனுக்குப் பின்னால் போகிற பெண் அல்ல தான் என்பதைத்தான் கல்யாணத்துக்கு முன்பே அவர் எழுதி வைத்துவிட்டார்.

நம்மூர்த் தேவாலயக் கல்யாணங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத் தெரியும். போதகர் எந்தச் சபையாக இருந்தாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடமாட்டார்: விசுவாசத்தை உங்கள் இல்லறத்தின் நடுவில் வையுங்கள். சொல்லிவிட்டுப் பொண்ணைப் பார்த்து அடங்கி நடக்கச் சொல்வார், மாப்பிள்ளையைப் பார்த்து அன்புகூரச் சொல்வார். அப்புறம் பிரியாணி. விசுவாசம் உண்மையாகவே நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த இரண்டு பேருக்கு என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஜட்சன் தம்பதியின் கதையை நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதற்காகத்தான். ஞாயிறு பள்ளியில் இது ஒரு வீரனின் கதையாகவும், பின்னால் ஒரு நல்ல மனைவி நிற்கிற கதையாகவும் சொல்லப்படும். கடிதங்களை வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1812 பிப்ரவரி 5 கல்யாணம். மறுநாள் சேலம் நகரத்தில் ஜட்சனுக்குக் குருப்பட்டம். (நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்.) பிப்ரவரி 19 அன்று ‘கேரவன்’ என்ற பாய்மரக் கப்பலில் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். தேனிலவு என்று ஒன்று இருந்தால் அது நான்கு மாதக் கடல் பயணம். கூடவே இன்னொரு புதுமணத் தம்பதி, சாமுவேல் நியூவெலும் ஹாரியட்டும். ஹாரியட்டுக்கு வயது 18.

கப்பலில் ஜட்சனுக்கு ஒரு சிக்கல் வந்தது. அவரை அனுப்பியது குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் காங்கிரிகேஷனல் சபை. செராம்பூரில் அவர்கள் சந்திக்கப்போகும் வில்லியம் கேரியோ பாப்டிஸ்ட், நம்பிக்கை வந்தவர்களுக்கு மட்டும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர். கேரியிடம் வாதாடத் தயாராக வேண்டுமே என்று ஜட்சன் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை எடுத்துவைத்துப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க எதிராளி சொல்வதுதான் சரியோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

இதை இன்றைக்குக் கேட்டால் நுணுக்கமான மதச் சண்டை, நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் அவர்களுடைய சாப்பாடே இதில் இருந்தது. சம்பளம் கொடுப்பது அந்தச் சபை. கொள்கை மாறினால் பணம் நிற்கும். தெரியாத கண்டத்தில், கையில் காசில்லாமல், நண்பர்களும் இல்லாமல் நிற்க வேண்டும். நான்சி பிடிவாதமாக எதிர்த்தார். கல்கத்தா வந்த பிறகும் வாதம் முடியவில்லை. கணவர் வேண்டுமானால் பாப்டிஸ்ட் ஆகட்டும், தான் ஆகப்போவதில்லை என்று சொல்லிவிட்டதை அவரே ஊருக்கு எழுதியிருக்கிறார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. வேதத்தையும் இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் எடுத்து, கணவரைத் தோற்கடிக்கும் நோக்கத்தோடு தானே படித்தார். கடைசியில் தனக்கே விருப்பமில்லாத முடிவுக்கு வந்துசேர்ந்தார். 1812 செப்டம்பர் 6 அன்று கல்கத்தா லால் பஜார் தேவாலயத்தில் இருவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இந்த இடத்தை நான் எளிதாகத் தாண்டிப் போவதில்லை. புருஷன் நம்புகிறார், ஆகவே நானும் நம்புகிறேன் என்று நான்சி சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது, இல்லறம் இனிமையாகத்தான் ஓடியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. தன் விசுவாசத்துக்குத் தானே கணக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தார். ஜட்சனும், நமக்கு இது தெரியவேண்டும், மனைவி சம்மதிக்கும்வரை காத்துத்தான் இருந்தார்.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அவர்கள் செராம்பூரில் விருந்தாளிகளாகத் தங்கிய அதே இல்லத்தில் வேறொரு மனைவி இறந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. டோரதி கேரி. வில்லியம் கேரியின் முதல் மனைவி.

டோரதிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1781-இல் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவைக் குறி போட்டவர். கட்டிக்கொண்டது செருப்புத் தைக்கும் ஒரு பையனை. அந்தப் பையன் பின்னால் கிரேக்கமும் எபிரேயமும் படித்து, உலகத்துக்கே சுவிசேஷம் சொல்லப் போகிறேன் என்று நிற்பான் என அவர் எங்கே கண்டார்? 1793-இல் இந்தியா போகலாம் என்று கேரி சொன்னபோது டோரதி நிறைமாதக் கர்ப்பிணி. வரமாட்டேன் என்றார். மூத்தவன் ஃபீலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு கேரி கிளம்பிவிட்டார். கப்பல் தடங்கலாகித் தாமதமானதால் திரும்பி வந்து மறுபடி கேட்டார். மறுபடியும் மறுப்பு. கூட வந்த டாக்டர் ஜான் தாமஸ் தனியாகத் திரும்பப்போய், இப்போது வராவிட்டால் குடும்பம் சிதறிப்போகும், ஆயுசுக்கும் வருந்துவாய் என்று பேசிய பிறகுதான் டோரதி இறங்கிவந்தார். தங்கையையும் கூட அழைத்துவருவேன் என்ற ஒரே நிபந்தனையோடு, பிறந்து சில வாரமே ஆன குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

அடுத்த வருஷம் வங்காளத்தில் அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் செத்தான். அதற்குப் பிறகு டோரதியின் மனம் திரும்பவே இல்லை. கணவர் மற்ற பெண்களிடம் போகிறார் என்று தெருவில் கத்துமளவுக்கு நோய் முற்றியது. அறையில் வைத்துப் பூட்டினார்கள். 1807 டிசம்பரில் இறந்தார். பக்கத்து அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். 1801-இல் வங்காளப் புதிய ஏற்பாடு வந்தது. மகத்தான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் நடுவிலும் விசுவாசம்தான் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஒருவருடைய விசுவாசம். இன்னொருவர் அதற்குள் குடியேற்றப்பட்டவர்.

நான்சிக்கு டோரதியின் கதை எவ்வளவு தூரம் காதில் விழுந்ததோ. விழுந்திருந்தாலும் யோசிக்க நேரம் இருந்திருக்காது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகளைப் பிடிக்காது. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் அந்த வருஷம்தான் போர் வேறு மூண்டிருந்தது. வெளியேறு என்று உத்தரவு வந்தது. முதலில் மொரீஷியஸ் தீவு. அங்கே அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்த ஹாரியட் நியூவெல், கடலில் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்து, தானும் இறந்துபோயிருந்தார். வயது 19.

இனி எங்கே? அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் பினாங்கு.

ஆமாம், நம் பினாங்குதான். அன்றைய பெயர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு. அங்கே போவதற்காகத்தான் 1813 ஜூனில் சென்னைக்கு வந்தார்கள். சென்னைத் துறையில் பினாங்குக்குக் கப்பல் இல்லை. தாமதித்தால் கம்பெனி பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடும். கிளம்பத் தயாராக நின்றது ஒரே ஒரு பழைய கப்பல், ‘ஜியார்ஜியானா’. அது போனது ரங்கூனுக்கு. பர்மாவைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தி வைத்திருந்த இடம். ஏறிவிட்டார்கள். பயணத்தில் நான்சிக்குக் குழந்தை செத்துப் பிறந்தது. ஜூலை 13 ரங்கூனில் இறங்கியபோது அவரால் நடக்கக்கூட முடியவில்லை.

ஜார்ஜ் டவுனில், பிரான்சிஸ் லைட் புதைக்கப்பட்டிருக்கும் அந்தப் பழைய புரோட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போதெல்லாம், சென்னையில் அன்றைக்கு வேறு ஒரு கப்பல் நின்றிருந்தால் இந்த இருவரும் இங்கேதான் எங்காவது கிடப்பார்கள் என்று நினைப்பேன்.

ரங்கூனில் அவர்கள் குடியேறிய வீடு ஃபீலிக்ஸ் கேரியுடையது. அம்மா வராவிட்டாலும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய அதே பையன். ஜட்சன் பகல் முழுக்கப் பண்டிதரோடு உட்கார்ந்து இலக்கணம் படித்தார். நான்சி சந்தையிலும் அடுப்படியிலும் வேலையாட்களோடு பேசியே ஆகவேண்டியிருந்ததால் கணவரைவிடச் சரளமாகப் பர்மிய மொழி பேசினார். வீட்டு நிர்வாகம் பெண் தலையில் விழுந்ததில் வந்த எதிர்பாராத லாபம். 1815-இல் ஒரு மகன் பிறந்தான், ரோஜர். எட்டு மாதம் நிறைவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில். ஆறு வருஷ உழைப்புக்கு ஒரு ஆள்.

நடுவில் 1817 டிசம்பரில் ஜட்சன் சிட்டகாங்குக்குக் கப்பலேறினார். மூன்று மாதத்தில் திரும்புவதாகப் பேச்சு. காற்று கப்பலை இந்தியக் கிழக்குக் கரைக்குத் தள்ளிவிட்டது. மசூலிப்பட்டினத்தில் இறங்கிப் பல்லக்கில் சென்னை வந்து, ரங்கூன் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார். கடிதம் எதுவும் போகவில்லை. ரங்கூனில் காலரா பரவியது. ஆங்கிலேயரோடு போர் வரும் என்று வதந்தி. கூட இருந்த மிஷனரிக் குடும்பம் வங்காளத்துக்குக் கிளம்பியது. 1818 ஜூலையில் நான்சியும் அவர்கள் வற்புறுத்தலுக்கு இணங்கிக் கப்பலில் ஏறிவிட்டார். கப்பல் பழுதாகி ஆற்று முகத்திலேயே நின்றது. அந்த இடைவெளியில் நான்சி மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி, காலி வீட்டுக்குத் தனியாகத் திரும்பிவந்துவிட்டார். புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. ஆகஸ்டில் ஜட்சன் வந்து சேர்ந்தார். இறங்காமல் இருந்திருந்தால் இருவரும் கடலில் ஒருவரை ஒருவர் கடந்து போயிருப்பார்கள்.

1824 மே மாதம் ஆங்கிலேயர் ரங்கூனைப் பிடித்தார்கள். ஜட்சன் தம்பதி அப்போது தலைநகர் ஆவாவில். அமெரிக்கர்களுக்கு வந்த பணம் ஹென்றி கூஜர் என்ற ஆங்கில வியாபாரி வழியாக வந்ததால் உளவாளிகள் என்ற சந்தேகம் விழுந்தது. பர்மிய அரசின் பார்வையில் அந்தச் சந்தேகம் அப்படியொன்றும் அநியாயமானது என்று சொல்ல மாட்டேன். ஜூன் 8 அன்று வீடு புகுந்து ஜட்சனைத் தரையில் தள்ளி, முழங்கை சேர்த்துக் கயிற்றால் இறுக்கி இழுத்துப் போனார்கள். நான்சி அன்று செய்த முதல் காரியம், வீட்டிலிருந்த கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அழித்தது. இங்கிலாந்தோடு தொடர்பு என்று எதுவும் கிடைத்துவிடக் கூடாது.

ஒன்பது மாதம் மூன்று சோடி விலங்கு, இரண்டு மாதம் ஐந்து சோடி. ராத்திரியில் கைதிகளின் கால்களுக்கு நடுவே மூங்கிலைக் கோத்து மேலே தூக்கிக் கட்டுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில். நான்சி ஒவ்வொரு அதிகாரியின் வாசலிலும் நின்றார். பணம், துணி, வெள்ளிச் சாமான், எதைக் கொடுத்தால் எந்தக் கதவு திறக்கும் என்று கற்றுக்கொண்டார். காப்பிக் கூஜாவின் மூக்குக்குள் காகிதத்தைச் சுருட்டி வைத்து இருவரும் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். ஒருநாள் ஊர் ஞாபகத்தில், எருமைக்கறியையும் வாழைப்பழத்தையும் வைத்து, அமெரிக்காவில் பண்டிகைக்குச் செய்யும் கறி அடைத்த பலகாரம் ஒன்றை ஒப்பேற்றிச் சிறைக்குக் கொடுத்தனுப்பினார். பட்டினியைத் தாங்கிய ஜட்சனால் அதைத் தாங்க முடியவில்லை. முழங்காலில் முகம் புதைத்து அழுதுவிட்டு, பலகாரத்தைப் பக்கத்துக் கைதியிடம் கொடுத்துவிட்டார்.

பர்மியப் புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை மண்ணில் புதைத்தால் மட்கும். ஆகவே யாருமே ஆசைப்படாத ஒரு கரடுமுரடான தலையணைக்குள் வைத்துத் தைத்து நான்சி சிறைக்கே அனுப்பினார். பிறகு சிறை மாற்றிய களேபரத்தில் யாரோ உறையைக் கிழித்துப் பஞ்சுருண்டையை வீசிவிட்டார்கள். மாவுங் இங் என்ற பர்மியக் கிறிஸ்தவர் ஐயா ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை எடுத்துப்போய் வைத்திருந்தார். மாதங்கள் கழித்துப் பார்த்தால் உள்ளே தாள்கள் அப்படியே.

1825 ஜனவரியில் மரியா பிறந்தாள். இருபது நாள் குழந்தையைச் சிறைக்கு எடுத்துப்போய்க் காட்டினார். மே மாதம் கைதிகளைச் சுடுமணலில் வெறுங்காலோடு ஓங்பின்லே என்ற கிராமத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். நான்சி மூன்று மாதக் குழந்தையோடும், வளர்த்துவந்த இரண்டு பர்மியச் சிறுமிகளோடும், ஒரு வங்காளிச் சமையல்காரரோடும் பின்னாலேயே போய், சிறைக்காவலர் வீட்டில் பாதி நெல் நிரம்பிக் கிடந்த ஓர் அறையில் ஆறு மாதம் இருந்தார். சிறுமி ஒருத்திக்கு அம்மை கண்டது. நான்சி மற்ற சிறுமிக்கும் சிறைக்காவலரின் பிள்ளைகளுக்கும் அம்மைப்பால் வைத்துக் காப்பாற்றினார். தன் குழந்தைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. மரியாவுக்கு அம்மை போட்டது. அப்புறம் நான்சியே படுக்கையில் விழுந்தார், இரண்டு மாதம்.

அந்த வங்காளிச் சமையல்காரரைப் பற்றி நான்சி நன்றியோடு எழுதியிருக்கிறார். சாதி ஆசாரம் பார்ப்பவர். அதையெல்லாம் மறந்து விறகு சுமந்தார், தண்ணீர் இறைத்தார், இவர்களைக் கவனிக்கும்வரை தான் சாப்பிடவில்லை, சம்பளமும் கேட்கவில்லை. அவர் கிறிஸ்தவர் அல்ல. இந்தக் கிறிஸ்தவ இல்லறம் உயிரோடு இருந்ததற்கு அவர்தான் காரணம் என்றால் மிகையில்லை. பெயர் எங்கும் இல்லை.

தாய்க்குப் பால் வற்றிப்போனது. ஜட்சன் காவலருக்குக் காசு கொடுத்து, வெளியே வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிராமத்தில் பாலூட்டும் தாய்மார் வீடு வீடாகப் போய் ஒரு வாய்ப் பாலுக்குக் கெஞ்சினார். இரண்டு வேதாகமங்களுக்குச் சமமான படம் இது, என்னைக் கேட்டால்.

1826 பிப்ரவரியில் யாண்டபோ ஒப்பந்தம், போர் முடிந்தது. விடுதலை. கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை, காரணம் சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு பெயர்: ஜான் கிராஃபர்ட். 1824-இல் சுல்தான் ஹுசேனோடும் தெமெங்கோங்கோடும் ஒப்பந்தம் போட்டுச் சிங்கப்பூரை முழுதாகக் கம்பெனிக்கு எழுதி வாங்கியவர். அடுத்த வேலையாக ஆவாவுக்குத் தூது போனார். மொழி தெரிந்த ஆள் வேண்டும். ஜட்சன் முதலில் மறுத்தார். பர்மாவில் மதச் சுதந்திரத்துக்கு ஒரு ஷரத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கப் பார்க்கலாம் என்று கிராஃபர்ட் சொன்னதும் மறுக்க முடியவில்லை. மனைவியையும் குழந்தையையும் அம்ஹர்ஸ்ட் என்ற புதுக் குடியேற்றத்தில் விட்டுவிட்டுப் போனார். நான்சியும் போகச் சொன்னார்.

ஷரத்து கிடைக்கவில்லை. அக்டோபர் 24 அன்று நான்சி காய்ச்சலில் இறந்தார், வயது 36. கணவர் ஆவாவில். கடைசியாக அவர் வாயிலிருந்து வந்த வேதனைக் குரல் பர்மிய மொழியில் இருந்தது என்று கூட இருந்தவர்கள் எழுதினார்கள். கறுப்பு முத்திரை போட்ட கடிதம் ஜட்சன் கையில் வந்தபோது குழந்தைதான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பிரித்தார். குழந்தை ஆறு மாதம் கழித்துப் போனது.

விசுவாசம் நடுவில் இருந்ததால்தான் அவர் அன்றைக்கு அங்கே இல்லை. இதை நான் அவருக்கு எதிரான குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. குற்றச்சாட்டை அவரே வைத்துக்கொண்டார். காட்டுக்குள் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, தனக்கே ஒரு குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தன் பழைய கடிதங்களை அழித்துவிடச் சொல்லி ஊருக்கு எழுதினார். நான்சி இறந்து சரியாக மூன்றாம் வருஷம், கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருளில் எழுதினார். மிஷனரி ஒருவர் எழுதத் துணியாத வாக்கியம். அவருடைய எல்லாப் பிரசங்கங்களையும்விட எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம்.

பிறகு எழுந்துவந்தார். 1834 ஜனவரியில் பர்மிய வேதாகமம் முழுதும் முடிந்தது. ஏப்ரலில், கணவனை இழந்து அங்கேயே ஊழியத்தைத் தொடர்ந்த சாரா போர்ட்மேனை மணந்தார். அந்த இல்லறத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நான்சி தன் தாள்களை 1824-இல் அழித்தார், ஜட்சன் தன்னுடையவற்றைப் பின்னால் அழிக்கச் சொன்னார். கணவனும் மனைவியும் தங்களுக்குள் எழுதிக்கொண்டது அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. சிறை நாட்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, 1826 மே மாதம் நான்சி தன் கொழுந்தனாருக்கு எழுதிய ஒரு நீண்ட கடிதத்திலிருந்து. அதற்குப் பிறகு அவர் ஐந்து மாதம் இருந்தார். அம்ஹர்ஸ்டைத் தலைநகராக்குவதாக இருந்த ஆங்கிலேயர் சீக்கிரமே மோல்மேனுக்கு நகர்ந்துவிட்டார்கள். மிஷனும் பின்னாலேயே நகர்ந்தது. தாயின் கல்லறையும் பக்கத்தில் மகளுடையதும் அந்தக் கடலோரத்தில் தனியாக நின்றன.